இரண்டடித் தென்னை

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், வீட்டுக் காப்பீட்டைப் பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கேள்விகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. 1995 கடைசியில், பெரம்பலூர் தனி மாவட்டமான கையோடு, அங்குள்ள நம் காப்பீட்டு நிறுவனக் கிளை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். 2007 நவம்பரில், அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான அதே மாதம், ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட எல்லா வருஷங்களுக்கும் நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். யார், எந்த ஊர், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அது சரியா தப்பா என்று எப்போது தெரிந்தது, எல்லாம் அதில் உண்டு.

"வூட்டுக்கு எடுத்தா கெணத்துக்கும் சேர்த்திதானே?" இது குரும்பலூர் விவசாயி ஒருவர். சேர்த்தியில்லை, தனியாக எழுதியிருந்தால் உண்டு. "கறையான் அரிச்சா?" எறையூர் ஆலைத் தொழிலாளி. கிடையாது. மெல்ல மெல்ல வரும் எந்தச் சேதத்துக்கும் கிடையாது. "வித்தா எட்டு லட்சம் போவும், நீங்க ஏன் மூணுக்கு எழுதுறீங்க?" அரியலூர் ஜவுளிக்கடைக்காரர். விற்றால் வருவது மனைக்கும் சேர்த்த விலை. நாம் பார்ப்பது இடிந்ததைத் திரும்பக் கட்டும் செலவு. மனை எங்கும் போகாது.

இவற்றுக்கெல்லாம் பதில் பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. உங்களுக்கு என்னைவிடக் கண்பார்வை நன்றாக இருக்கும். நான் எழுதப்போவது, கேட்கப்படாமல் போன ஒரு கேள்வியைப் பற்றி. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

2002 நவம்பர். கல்லங்குறிச்சியைத் தாண்டி ஒரு சிற்றூர். வீட்டுக்குச் சொந்தக்காரர் தனக்கோடி என்ற அம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கணவர் இல்லை. முன்பக்கம் தளம் போட்ட இரண்டு அறை, வங்கிக் கடனில் கட்டியது. பின்பக்கம் மண்சுவரும் நாட்டு ஓடுமாகப் பழைய சமையலறை. கடன் கொடுத்த வங்கியே வீடு முழுவதற்கும் பாலிசி எடுத்துக் கொடுத்திருந்தது. மழைக்காற்றில் சமையலறை இடிந்துவிட்டதாக வங்கியிலிருந்து எங்களுக்கு ஒரு வரியில் கடிதம் வந்தது. எப்படி இடிந்தது என்று அதில் இல்லை. சின்னக் கிளெய்ம்களுக்கு அப்போது கிளை ஆட்களே போய்ப் பார்ப்போம். அடுத்த வியாழக்கிழமை நேரில் வருகிறேன் என்று அந்த அம்மாளுக்கு அஞ்சலட்டை போட்டேன்.

வியாழக்கிழமை பஸ் நின்றதும் நான்கு பேர் குடையோடு காத்திருந்தார்கள். மழை இல்லை. இருந்தும் குடை விரித்தார்கள். தெரு முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வீட்டு நிலைப்படியில் மாவிலை, வாசலில் புள்ளிக்கோலம். மாடு கட்டும் முளையைச் சுற்றிக்கூடக் கோலம் போட்டிருந்தது. மாடு இல்லை. வெள்ளையடித்த வாடை தெருமுனை வரை வந்தது.

தனக்கோடி அம்மாள் இஸ்திரி போட்ட புடவையில் கைகட்டி நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்.

"வாங்க சார். பஸ்ஸு நின்னுச்சா? அவன் நிக்காம ஓடிடுவான். அதான் நாலு பேர அனுப்பி மறிக்கச் சொன்னேன்."

"சேதம் எந்தப் பக்கம்மா?"

அவர் முகம் மாறியது. திருட்டுப் பட்டம் கட்டியதைப் போல என்னைப் பார்த்தார்.

"சேதமா? நம்ம வூட்டுல ஒரு சேதமும் கெடையாதுங்க சார். நீங்களே உள்ள வந்து பாருங்க."

"சமையலறை இடிஞ்சதா பாங்க்லேர்ந்து எழுதியிருக்காங்களே?"

"எல்லாம் சரியா இருக்குங்க சார்." கூட வந்த நான்கு பேரும் சொன்னார்கள்: "எல்லாம் சரியா இருக்குங்க."

சமையலறைக்குள் போனேன். சுவர் பளிச்சென்று இருந்தது. ஓடுகள் வரிசை பிசகாமல் இருந்தன. பாத்திரங்கள் உயர வரிசையில் நின்றன. மூலையில் தண்ணீர்க் குடத்துக்கு உருளையாக ஒரு மேடை, வெள்ளையடித்து நடுவில் காவிப்பட்டை போட்டது. அதன் உச்சியில் குடத்தின் அடிப்பாகம் உட்காரக் குழிவு. சுவரில் கை வைத்தேன். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டதோடு சரி, வேறெதுவும் யோசிக்கவில்லை.

என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இல்லாத சேதத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு பயந்து பின்வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். மதியம் பன்னிரண்டேகாலுக்கு அரியலூர் பஸ். ஒரு ஃபைல் முடிந்த சந்தோஷம்.

கிளம்பும்போது அவர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். பக்கங்களுக்குக் கையால் எண் போட்டிருந்தது. அட்டையில் 'பார்வையாளர் குறிப்பேடு' என்று எழுதியிருந்தது. பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார்.

"ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போங்க சார்."

மரியாதையாகக் கேட்கிறார், எழுதினால் என்ன குறைந்துவிடும்? எழுதினேன். 'இன்று நேரில் பார்வையிட்டேன். வீடு நல்ல நிலையில் உள்ளது. சேதம் ஏதும் காணப்படவில்லை. சமையலறை தூய்மை. குடம் வைக்கும் மேடை மிக நேர்த்தி.' கையெழுத்து, பதவி, தேதி, மணி பதினொன்று நாற்பது. நேரம் போடுவது என் பழக்கம்.

அவர் படித்துவிட்டு வெளியே திரும்பித் தலையாட்டினார். வாசலில் யாரோ கேட்டார்: "பாஸா, அக்கா?" "பாஸு."

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீக்கடையில் ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்தேன். குடை பிடித்த நால்வரில் ஒருவர் டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முத்துசாமி, தனக்கோடி அம்மாளின் கொழுந்தனார்.

"எங்க அண்ணி சும்மா இல்ல சார். ஒம்பது நாள். ஒத்த ஆளா நின்னு சமையக்கட்ட எழுப்பிட்டாங்க. விழுந்த அன்னிக்கு நீங்க பாத்திருக்கணும். சுவரு, ஓடு, பரணு, ஒண்ணும் மிச்சமில்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"என்ன விழுந்தது?"

"தென்னை சார். கொல்லையில நின்ன தென்னை. பட்டப்பகல்ல, காத்து ஒரு சுழட்டு சுழட்டுச்சு பாருங்க, வேரோட வந்து சமையக்கட்டு மேல படுத்துக்கிச்சு. அண்ணி பள்ளிக்கூடத்துல முட்டை உரிச்சிட்டு இருந்தாங்க, தப்பிச்சாங்க. சரி, அதான் நீங்க பாஸ் போட்டுட்டீங்களே. இனிமே பாங்க்குக்காரன் வூட்டப் புடுங்க மாட்டான்ல?"

பன்னிரண்டேகால் பஸ் வந்தது, நான்கு பேர் மறிக்காமலே நின்றது. நான் ஏறவில்லை.

திரும்பப் போய் அவரிடம் சொன்னேன்: "அம்மா, நான் வந்தது இடிஞ்சதைப் பார்க்கத்தான். இடிஞ்சதைப் பார்த்து அதுக்குப் பணம் கொடுக்கத்தான் எங்க ஆபீஸே இருக்கு."

அவர் நம்பவில்லை. "இடிஞ்சதப் பாக்க ஒரு ஆபீசர் பஸ் ஏறி வருவாரா சார்? இருவது வருசமா ஆபீசருங்களப் பாக்குறேன். வர்றாங்கன்னு தெரிஞ்சா மொத நாளே வெள்ளையடிக்கணும். ஓட்டைப் பாத்திரம் கண்ணுல பட்டா மெமோ. பல்லி தெரிஞ்சா மெமோ. ஒருவாட்டி அடுப்பு ஏன் கருப்பா இருக்குன்னு கேட்டு ஒரு மெமோ. சுவரு விழுந்துச்சுன்னு பாங்க்குல போய்ச் சொன்னேன். மறைக்கக் கூடாதில்ல? ஆபீசர் வர்றாருன்னு கார்டு வந்துச்சு. வூட்ட நல்லபடியா வச்சுக்கறேன்னு கையெழுத்துப் போட்டுதானே கடன் வாங்குனேன்? இடிஞ்ச வூட்டக் காட்டவா முடியும்?"

பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப செவலைய வித்தது?"

வாசலில் கோலத்துக்கு நடுவே காலியாக இருந்த முளை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சினைப்பசு. சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் கொத்தனாருக்குமாக அதைப் பக்கத்து ஊர்ப் பால்காரருக்குக் கொடுத்திருந்தார். பால்காரர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: கன்று போடுவதற்குள் அதே விலையைக் கொண்டுவந்தால் ஓட்டிப் போகலாம், கன்று போட்டுவிட்டால் மாடும் கன்றும் அவருடையது. தை கடைசியில் கன்று போடும்.

"இன்னும் நாலு வருசத்துல ரிட்டயர்டு சார். அதுக்கப்புறம் அதுதான்னு வச்சிருந்தேன்."

அந்த நேரத்தில் பின்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். இன்னொன்று. ஓடினோம். முத்துசாமி கடப்பாரையோடு புதுச் சுவரில் நின்றார். மூன்றாவது குத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு அரை மணி நேரம் குடுங்க சார். பழையபடி ஆக்கிடறோம். தென்னைக்குப் பதிலா வேற எதையாச்சும் சாச்சு வச்சுடலாம்."

"டேய் முத்துசாமி, கடப்பாரையக் கீழ போடு! கொத்தனாருக்கு ஒன் அப்பனா கூலி குடுத்தான்?" என்றார் அண்ணி.

டீக்கடையிலிருந்து பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சார், இப்ப இவன் குத்துனதுக்கு இன்சூரன்ஸ் உண்டா?"

இதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கெட்ட எண்ணத்தோடு வீட்டைச் சேதப்படுத்தினால் பாலிசியில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு சேதப்படுத்தினால் உலகத்தில் எந்தப் பாலிசியிலும் இடமில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். புயற்காற்றில் மரம் சாய்ந்து வீடு இடிந்தால் பாலிசியில் உண்டு. பழைய மண்சுவர் ஊறித் தானாக விழுந்தால் கிடையாது. திருச்சி கோட்ட அலுவலகம் கேட்கப்போகிற முதல் கேள்வி அதுதான்: மரமா, ஊறலா? இடிந்த சுவர் இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். இப்போது இருப்பது புதுச் சுவரும், சேதமே இல்லை என்ற என் கையெழுத்தும்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டா?" என்றார் முத்துசாமி. கெட்டிக்காரர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லவில்லை.

தனக்கோடி அம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு. கிழிச்சா அடுத்த ஆபீசர் கேட்பாரு."

"எந்த ஆபீசரு அண்ணி? இது ஒங்க வூடு. வேற எவன் வரப்போறான்?"

"யாரோ ஒருத்தர் வருவாரு."

அவர் கிழித்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் கிழிக்காததால், நான் எழுதியதோடு சேர்த்துத்தான் உண்மையையும் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. தப்பு நடந்ததென்றும் அது என்னுடையதென்றும் ரிப்போர்ட்டில் முதல் பத்தியிலேயே எழுதுவதென்று முடிவு செய்தேன். அப்படி எழுதுகிறவன் கையில் வலுவான சாட்சி ஒன்று வேண்டும்.

"மரம் எங்கே?" என்று கேட்டேன்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

ஒரு தென்னை விழுந்தால் ஒரு தெருவுக்கு எவ்வளவு உதவும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அடிமரம் பன்னிரண்டு அடி, வாய்க்காலின் குறுக்கே பாலமாகக் கிடந்தது. அடுத்த ஒன்பது அடி முத்துசாமியின் மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக்கால். இன்னொரு ஒன்பது அடி எங்கே என்று தேடிக்கொண்டு டீக்கடைப் பக்கம் வந்தோம். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க ஒக்காந்து டீ குடிச்சீங்களே சார், அதான்."

ஓலை முழுவதும் கீற்று முடைந்தாயிற்று. உச்சியைக் கேட்டபோது ஒரு கிழவர் முன்னால் வந்தார்.

"குருத்துங்களா? அது இருக்காதுங்க. தின்னுட்டோம்."

"முழுசையுமா?"

"தெருவுக்கே குடுத்தாங்க. நல்ல இனிப்பு."

வேர்க்குழியைத் தேடினேன். தனக்கோடி அம்மாள் அதை மூடி, மேலே கனகாம்பரம் நட்டு, சுற்றிலும் செங்கல் சாய்த்து வைத்திருந்தார். ஆபீசர் வரும்போது கொல்லையில் குழி இருக்கலாமா? செடிகளை மண்ணோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோண்டினோம். கிழிந்த வேர்நார் கொத்துக் கொத்தாகக் கிடைத்தது. குழியின் நடுவிலிருந்து சமையலறைச் சுவர் வரை டேப் பிடித்தேன். முப்பத்திரண்டு அடி.

மூன்று துண்டுகளையும் கொண்டுவரச் சொன்னேன். பாலத்தை எடுத்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு நின்ற பால்காரர் கத்தினார். செவலையை வாங்கியவர்தான். நாற்பது பேர் சேர்ந்து ஒரு செத்த மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். எதிரே வந்த பெண் ஒருத்தி, யார் போனது என்று கேட்டு ஒதுங்கி நின்றாள்.

அறுத்த முகங்களைப் பொருத்தி, ரம்பத் தடம் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்து, வேர்ப்பக்கத்தைக் குழியில் வைத்து வரிசையாகக் கிடத்தினோம். அறுவைகள் கச்சிதமாகச் சேர்ந்தன. ஒரே மரம்தான், சந்தேகமில்லை. முப்பது அடியில் முடிந்துவிட்டது. சுவருக்கு இன்னும் இரண்டடி.

இரண்டடிக்கு முன்னால் நின்றுவிட்ட மரம் எந்த வீட்டையும் இடிக்காது. மேலே இருந்த குருத்துப் பகுதியைத் தின்றாயிற்று என்று நான் எழுதலாம். ஆனால் முப்பதாவது அடியில் இருந்ததும் ரம்பத்தால் அறுத்த முகம். அதற்கு மேலே ஒரு துண்டு இருந்திருக்கிறது. அது எங்கே?

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"வேற தென்னையில ரெண்டடி வெட்டி ஒட்டிடலாம் சார். யாரு அளக்கப் போறா?"

"அளக்கத்தானேடா வந்திருக்காரு."

"வூட்டத் தள்ள முடியாது. குழியத் தள்ளலாம்." இது முத்துசாமி. "ரெண்டடி இந்தப் பக்கமாத் தோண்டுனா எல்லாம் சரியாப் போச்சு."

"நீ பேசாம இரு. ஒன் கடப்பாரை செஞ்சது போதும்."

மணி மூன்றரை. தனக்கோடி அம்மாள் மட்டும் கனகாம்பரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் ரிப்போர்ட்டில் அப்படியே எடுத்தெழுத வேண்டுமே என்று அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் படித்தேன். வீடு நல்ல நிலையில் உள்ளது. சேதம் ஏதும் காணப்படவில்லை. சமையலறை தூய்மை. குடம் வைக்கும் மேடை மிக நேர்த்தி.

கடைசி வரியை மறுபடி படித்தேன்.

"அம்மா, குடத்துக்கு வச்சிருக்கீங்களே அந்த மேடை, அது எதுல செஞ்சது?"

"மரத்துல."

"எந்த மரத்துல?"

தண்ணீர்ச் செம்பு அவர் கையிலேயே நின்றது. நாற்பது பேரும் சமையலறைக்குள் நுழையப் பார்த்தார்கள். அது எட்டுப் பேர் கொள்ளும் அறை. குடத்தை இறக்கி மேடையைப் படுக்க வைத்து அளந்தேன். இரண்டேகால் அடி. முத்துசாமி தேங்காய் உரிக்கும் அரிவாளை எடுத்துச் சுண்ணாம்பைச் சுரண்டக் குனிந்தார்.

"டேய், சுரண்டாத!" தனக்கோடி அம்மாள் குறுக்கே வந்தார். "ஆபீசர் பாராட்டி எழுதுன மேடை அது!"

"அந்த ஆபீசர் நான்தாம்மா" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, நீங்களே சுரண்டுங்க" என்று அரிவாளை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

சுண்ணாம்புக்கும் காவிக்கும் அடியில், மரத்தின் ஒரு பக்கம் முழுக்க அடிபட்டு நசுங்கியிருந்தது. நாருக்குள் ஓட்டுச் சில்லுகள் செக்கச்செவேலென்று குத்தி நின்றன. ஏழு சில்லுகள் எண்ணினேன். மரம் ஓட்டின் மேல் விழாமல் ஓடு மரத்துக்குள் போகாது. மண்சுவர் ஊறித்தான் விழுந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

துண்டைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தோம். அறுவை சேர்ந்தது. மரம் சுவரைத் தொட்டு, கால் அடி தாண்டியது. கூட்டம் கைதட்டியது. நான் கொண்டுபோன கேமராவில் ஃபிலிம் ஒரே ஒரு படத்துக்குத்தான் பாக்கி. துண்டுகள் உருண்டுகொண்டே இருந்ததால், உருளாமல் இருக்க ஆட்களை அவற்றின் மேல் உட்காரச் சொல்லிவிட்டு எடுத்தேன். படம் என்றதும் சிலர் தலை வாரிக்கொண்டு வந்தார்கள்.

ரிப்போர்ட்டை மறுநாளே அனுப்பினேன். முதல் பத்தியில் என் தவறு, குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலோடு. டிசம்பரில் கோட்ட அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுக்குப் பதில் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது வரும். எனக்குத் தூக்கத்தில்கூட அந்தச் செவலையின் வயிறு பெரிதாகிக்கொண்டே போனது.

முதல் கேள்வி: சேதம் ஏதும் இல்லை என்று தாங்களே எழுதியிருக்கும்போது இழப்பு எவ்வாறு ஏற்பட்டது? பதில்: இழப்பு நான் எழுதுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஏற்பட்டுவிட்டது. நான் எழுதியது அதைச் சரிசெய்த பிறகு.

இரண்டாவது: புகைப்படத்தில் மரத்தின் மேல் பதினேழு பேர் அமர்ந்திருக்கக் காண்கிறோம். மரம் விழுந்தபோது இவர்கள் அதன் மேல் இருந்தார்களா? பதில்: இல்லை.

மூன்றாவது: மரத்தின் உச்சிப்பகுதி தற்போது எங்கே உள்ளது? பதில்: உண்ணப்பட்டது.

நான்காவதுதான் என்னைக் கலங்கடித்தது. பாலிசி 2001-ல் எடுத்தது. அப்போது அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச் கடைசியில் அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள். பாலிசியைப் புதுப்பித்தபோது முகவரியை யாரும் மாற்றவில்லை. கேள்வி இப்படி வந்தது: காப்பீடு செய்யப்பட்ட வீடு அரியலூர் மாவட்டத்தில் உள்ளதாகப் பாலிசி கூறுகிறது. விபத்து நடந்த தேதியில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. எனவே வீடு எங்கே உள்ளது?

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் அது வந்தது. தபாலில் பதில் அனுப்பினால் போய்த் திரும்பத் தை முடிந்துவிடும். மாவட்டங்களைத் திரும்பச் சேர்த்த அரசாணையின் நகல் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு நானே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். சம்பந்தப்பட்ட அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "சார், மாவட்டம்தான் போனது. வீடு அங்கேயேதான் இருக்கிறது. நான் கைவைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு ஒட்டியது."

அவர் ஃபைலைப் புரட்டினார். பதினேழு பேர் இருந்த படத்தில் அவர் கண் நின்றது. "அந்தக் கோடியில தலை வாரியிருக்கறவர் யாரு?"

"கொழுந்தனார் சார். கடப்பாரைக்காரர்."

கையெழுத்துப் போட்டார்.

பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். வங்கி மேலாளர் வந்து பார்த்தார். அவருக்கு வேண்டியது எழுப்பி முடித்த சுவர். அது முழுதாக இருந்தது, முத்துசாமியின் ஓட்டையையும் அடைத்து வெள்ளையடித்திருந்தார்கள். அவரையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார் தனக்கோடி அம்மாள். அன்றே பணம் கைக்கு வந்தது. அன்று மாலையே பால்காரர் வீட்டிலிருந்து செவலையை ஓட்டிக்கொண்டு வந்தார். நடக்க முடியாத வயிறு, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி. இரண்டு நாள் கழித்துக் கிடாரிக்கன்று.

மாசியில் ஒரு ரசீதுக் கையெழுத்துக்காக அங்கே போனேன். வாசல் முளையில் மாடு, பக்கத்தில் கன்று. முத்துசாமி பஸ்ஸிலிருந்து குடை பிடித்து அழைத்துவந்தார். நான் நேராகக் கொல்லைப்புறம் போனேன். பிறகு சமையலறை, பரண், ஓட்டின் உள்பக்கம், அடுப்புக்குப் பின்னால். மேடை பழைய இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் நான் சுரண்டியபடியே விட்டிருந்தார். மற்ற பக்கங்களுக்குப் புதுச் சுண்ணாம்பு.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனக்கோடி அம்மாள் கேட்டார்: "என் நோட்டுல நீங்க எழுதுனீங்க. உங்க நோட்டுல நான் எழுதலாமா சார்?"

என் நாட்குறிப்பை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, யோசித்து, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினார். தேதி போட்டார். மணியும் போட்டார்.

உத்தியோகத்தில் என்னைப் பற்றி மேலதிகாரிகள் வருஷா வருஷம் எழுதிய ரகசியக் குறிப்புகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்த குறிப்பு இது ஒன்றுதான். நீங்கள் முதல் கிளெய்முக்குக் கிளம்பும் முன் படித்துக்கொள்ளுங்கள்:

'ஆபீசர் இன்று இரண்டாம் முறையாக வருகை தந்தார். யாரும் சொல்லாமலே கொல்லைப்புறம் வரை போய்ப் பார்த்தார். முதல் முறை பார்க்கவில்லை. மற்றபடி குறை ஏதும் காணப்படவில்லை.'